கியர் மாறாத காரும் ஒரு சிறு செப்புச் சுருளும்

ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் சிலருக்கு இந்த அனுபவம் இருக்கும். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரு குலுக்கலுடன் கியர் மாறுவதை நிறுத்திவிடும். சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது பாரம் ஏற்றிய லோரியைப் போல முக்கி முனகி நகரும். எண்ணெயை அழுத்தினால் இயந்திரம் இரையுமே தவிர, அடுத்த கியர் விழாது. சில கார்களில் வேகமானியின் முள்ளும் பூஜ்ஜியத்தில் படுத்துவிடும்.

பட்டறைக்குப் போனால் பலர் முதலில் கேட்பது, “கியர்பாக்ஸ் போயிடுச்சு” என்ற வார்த்தையைத்தான். என் உறவினர் ஒருவரிடமும் ஒரு பட்டறையில் அப்படித்தான் சொன்னார்கள். முழுவதுமாக மாற்ற ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்டார்கள். அவர் காரை வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினார். அந்த மெக்கானிக் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு கம்பிகளில் வைத்துப் பார்த்தார். கெட்டுப்போயிருந்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு வேக உணரி மட்டுமே.

மாணவர்களே, அந்த உணரிக்குள் இருப்பது இயற்பியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான். அதைப் புரிந்துகொண்டவரை “கியர்பாக்ஸ் போயிடுச்சு” என்று சொல்லி எளிதில் பயமுறுத்த முடியாது.

முதலில், கியர்ப்பெட்டிக்கு வேகம் ஏன் தெரிய வேண்டும்? கையால் கியர் மாற்றும் காரில் ஓட்டுநரின் காதும் காலும் அந்த வேலையைச் செய்கின்றன. தானியங்கிக் கியர்ப்பெட்டியில் அதைச் செய்வது ஒரு சிறு கணினி. அதற்குக் காது கிடையாது. அதனால் பெரும்பாலான கார்களில் இரண்டு இடங்களில் வேகம் அளக்கப்படுகிறது. ஒன்று, இயந்திரத்தின் பக்கமிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் உள்ளீட்டுத் தண்டு. மற்றொன்று, சக்கரங்களை நோக்கிப் போகும் வெளியீட்டுத் தண்டு.

இரண்டையும் வகுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு கியரின் விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் வெளியே 2,000 சுற்று வரவேண்டும். 1,700 சுற்றுதான் வருகிறது என்றால், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். யாரும் எதையும் கழற்றாமலே, வெறும் வகுத்தல் கணக்கை வைத்துக் கணினி இதைக் கண்டுபிடிக்கிறது.

இப்போது வெளியீட்டு உணரி செத்துவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். வட–தென் நெடுஞ்சாலையில் கார் மணிக்கு 110 கிலோமீட்டரில் போகிறது. உணரி சொல்வதோ பூஜ்ஜியம். ‘கார் நிற்கிறது’ என்று நம்பிக் கணினி முதல் கியரைப் போட்டால் என்ன ஆகும்? மேல் கியரின் விகிதம் 0.7, முதல் கியரின் விகிதம் 2.8 என்று கொண்டால், வித்தியாசம் நான்கு மடங்கு. 2,500 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைச் சக்கரங்கள் 10,000 சுற்றுக்கு இழுக்கப் பார்க்கும். சாதாரண கார் இயந்திரம் ஆறாயிரம், ஏழாயிரத்துக்கு மேல் தாங்காது.

இந்த ஆபத்து வரக்கூடாது என்பதால், கணக்கு ஒத்துவராதபோது கணினி தன் மூளையையே நம்புவதில்லை. எண்ணெய்ப் பாதைகளைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத நிலையில் எந்தக் கியர் விழவேண்டும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். கிரைஸ்லர் நிறுவனம் 1989ஆம் ஆண்டு மாடல் கார்களில் அறிமுகப்படுத்திய ஏ604 கியர்ப்பெட்டியில் அது இரண்டாவது கியர். வேறு பல கார்களில் மூன்றாவது. நொண்டிக்கொண்டாவது வீடு போய்ச் சேரட்டும் என்ற ஏற்பாடு இது. கார் முக்கி முனகியதற்குக் காரணம் கியர்ப்பெட்டி உடைந்தது அல்ல. அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

சரி, உணரிக்குள் என்ன இருக்கிறது? ஒரு நிலைக்காந்தம், அதன் முனையில் ஓர் இரும்புத் துண்டு, அதைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். அவ்வளவுதான். இதன் முனைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தள்ளி, தண்டோடு சேர்ந்து ஓர் இரும்புப் பற்சக்கரம் சுழல்கிறது. பல் நேராக வரும்போது காந்தப்புலம் வலுக்கிறது. பல் விலகி இடைவெளி வரும்போது தளர்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். எலெக்ட்ரிக் கிட்டாரும் இதே வழியில்தான் ஒலிக்கிறது. அங்கே பற்சக்கரத்துக்குப் பதில் அதிரும் இரும்புக் கம்பி.

பற்சக்கரத்தில் 30 பற்கள் இருந்து அது நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றால், நொடிக்கு 1,000 அலைகள் உண்டாகும். கணினி அலைகளை எண்ணுகிறது, வேகம் தெரிந்துவிடுகிறது. இந்த வகை உணரிக்கு வெளியிலிருந்து மின்சாரமே வேண்டாம். ஆனால் ஒரு குறை உண்டு. வேகம் குறையக் குறைய மின்னழுத்தமும் குறைந்துவிடும்; கார் ஊர்ந்து போகும்போது குரல் மிகவும் மெலிந்துவிடும். இதனால் இன்றைய கார்கள் பலவற்றில் ஹால் விளைவைப் பயன்படுத்தும் உணரிகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் மூன்று கம்பிகள் இருக்கும்; ஒன்று மின்சாரம் கொடுப்பதற்கு.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகும்போது பி0720 என்ற எண் வந்தால், பலர் உடனே புது உணரி வாங்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடிக்காத பழக்கம் இது. அந்த எண் சொல்வது ‘வெளியீட்டு வேக உணரியின் மின்சுற்றில் கோளாறு’ என்பதே. ‘உணரி கெட்டுவிட்டது’ என்பதல்ல. மின்சுற்று என்றால் உணரி, அதன் இணைப்பி, கணினிவரை ஓடும் கம்பிகள் எல்லாம் சேர்ந்தது. வெள்ளத்தில் நின்ற காரில் இணைப்பியின் ஊசிகள் பச்சைப் பூத்திருக்கலாம். எலி கம்பியைக் கடித்திருக்கலாம். அப்படியானால் எத்தனை உணரி மாற்றினாலும் அதே எண் திரும்பி வரும்.

ஆகவே அளக்க வேண்டும். இரண்டு கம்பி உணரியின் இணைப்பியைக் கழற்றி மின்தடையைப் பார்ப்பது முதல் வேலை. சரியான அளவு காருக்குக் கார் மாறும். பழுதுபார்க்கும் கையேட்டில் இருக்கும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். காலையில் 30 பாகையில் 500 ஓம் காட்டிய சுருள், கியர் ஆயில் 90 பாகைக்குச் சூடானதும் 610 ஓம் அளவுக்குக் காட்டும். இது கோளாறல்ல, இயல்பு. ஆனால் காலையில் 500 காட்டி, சூடானதும் முடிவிலிக்குத் தாவினால், உள்ளே எங்கோ கம்பியில் விரிசல். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டு, சூட்டில் விரியும்போது பிரிந்துவிடுகிறது. காலையில் நன்றாக ஓடி, பிற்பகல் நெரிசலில் மட்டும் அடம்பிடிக்கும் கார்களில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதைக் குளிர்ந்த காரில் அளந்து ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புவது வீண்.

ஹால் உணரியை ஓம் அளந்து தீர்மானிக்க முடியாது. அதற்கு மின்சாரம் வருகிறதா, சக்கரம் சுழலும்போது சைகை மேலும் கீழும் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உணரிதான் குற்றவாளி என்று உறுதியானால், மாற்றுவது பல கார்களில் சிறிய வேலை. இதை நீங்கள் தனியாகச் செய்யக்கூடாது. ஜாக் மட்டும் தாங்கும் காரின் அடியில் யாருமே புகக்கூடாது. ஆனால் மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள். நல்ல மெக்கானிக் இயந்திரம் ஆறும்வரை காத்திருப்பார். உணரியைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் துடைத்த பிறகே போல்ட்டைக் கழற்றுவார். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் நுண்ணிய வால்வுகளில் சிக்கிக்கொள்ளும்.

வெளியே வந்த உணரியின் முனையை நீங்களும் பாருங்கள். அது காந்தம் அல்லவா, கியர்ப்பெட்டிக்குள் தேய்ந்த இரும்பெல்லாம் அதில் ஒட்டியிருக்கும். சாம்பல் நிறத்தில் மைபோல் இருந்தால் பல ஆண்டுத் தேய்மானம், கவலை இல்லை. கைக்குக் குத்தும் சில்லுகள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. அப்போது அந்த முதல் பட்டறைக்காரர் சொன்னதே சரியாகவும் இருக்கலாம்.

புது உணரியின் ரப்பர் வளையத்தில் கியர் ஆயிலைத் தடவிக் கையால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடும். சுத்தியலுக்கு வேலையில்லை. போல்ட்டை முறுக்க ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டது போன்ற விசைதான். கியர்ப்பெட்டியின் கூடு அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை தேய்ந்து, சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். பிறகு ஆயில் அளவைச் சரிபார்த்து, பழுது எண்ணை அழித்து, காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் இரண்டு தண்டுகளின் வேகமும் தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்து, ஒவ்வொரு கியரின் விகிதமும் சரியாக வருகிறதா என்று நீங்களே சொல்லலாம்.

கார் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஓர் இரும்பு போல்ட்டில் எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியை 500 சுற்றுச் சுற்றுங்கள். போல்ட்டின் தலையில் ஒரு வலுவான காந்தத்தை ஒட்டுங்கள். கம்பி முனைகளின் எனாமலைச் சுரண்டி, மல்டிமீட்டரை நேர்மின் மில்லிவோல்ட் அளவில் வைத்து இணையுங்கள். இனி ஓர் இரும்பு ஸ்பேனரைப் போல்ட்டின் மறுமுனைக்கு அருகே சட்டென்று கொண்டுபோய், சட்டென்று விலக்குங்கள். எண் ஒருமுறை கூட்டலிலும் ஒருமுறை கழித்தலிலும் துள்ளும். மெதுவாக நகர்த்தினால் எவ்வளவு வருகிறது, வேகமாக நகர்த்தினால் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அசைக்காமல் வைத்திருந்தால் என்ன காட்டும் என்பதை மட்டும் செய்து பார்ப்பதற்கு முன்பே ஊகித்து எழுதிவிடுங்கள்.