விரல்நக அளவில் ஒரு வாயில்

நுழையும்முன்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது முதுமொழி. நூலுக்கு அட்டை முகம். இல்லத்திற்கு வாயில் முகம். கைப்பேசியில் விளையாடப்படும் புதிர் விளையாட்டிற்கு, செயலிக்கடையில் தோன்றும் முகப்போவியமே முகம். விரல்நகத்தினும் சற்றே பெரிதான அப்படத்திற்குள் ஒரு விளையாட்டின் இயல்பை எவ்வாறு அடக்குவது? அக்கலையின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

பெட்டியின்மேல் ஓவியம்

1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் அடாரி நிறுவனம், தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் கருவி ஒன்றை வெளியிட்டது. அதன் திரையில் தோன்றியவை பெரும்பாலும் சில சதுரங்களும் கோடுகளுமே. ஆனால், கடை அடுக்குகளில் நின்ற அட்டைப்பெட்டிகளின் மீது கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் தீட்டிய உயிர்ப்பு மிக்க காட்சிகள் விளங்கின. திரை காட்ட இயலாததை ஓவியம் காட்டியது. எஞ்சியதை ஆடுபவரின் கற்பனை நிரப்பியது.

புதிர் விளையாட்டுகளுக்கு இத்தேவை இன்னும் மிகுதி. போர்க்கதைக்கு வீரன் உண்டு. பந்தயத்திற்கு ஊர்தி உண்டு. புதிருக்கோ கதைமாந்தரும் இல்லை, களமும் இல்லை. 1984ஆம் ஆண்டு மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் இதற்குச் சிறந்த சான்று. அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 கணினிக்குப் படம் வரையும் ஆற்றல் இல்லாமையால், விழும் கட்டங்களை அடைப்புக்குறிகளைக் கொண்டே அமைத்தார். அதே விளையாட்டு 1989இல் நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு வந்தபொழுது, பெட்டியின்மேல் மாஸ்கோவின் புனித பசில் பேராலயக் குவிமாடங்களும் விழும் கட்டங்களும் இடம்பெற்றன. எங்கிருந்து வந்தது, என்ன செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் ஒரே படம் உணர்த்தியது.

சுருங்கிய இடம்

அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் செயலிக்கடையைத் திறந்தபின் அவ்வசதி மறைந்தது. இன்று ஆப்பிளின் கடைக்கு 1024 × 1024 பிக்சல் அளவிலும், கூகுள் பிளே கடைக்கு 512 × 512 பிக்சல் அளவிலும் சின்னம் வரைந்து தரவேண்டும். கூகுள் பிளே 1024 × 500 அளவில் அகன்ற படம் ஒன்றையும் கேட்கிறது. கணினி விளையாட்டுகளுக்கான ஸ்டீம் கடையில், முகப்புப்படம் சில பட்டியல்களில் 120 × 45 பிக்சல் அளவிற்குச் சுருங்கிவிடுகிறது.

வரைபவர் காண்பது பெரிய திரை. வாங்குபவர் காண்பதோ சிறிய கட்டம். பெரும்பாலான பிழைகள் இவ்விடைவெளியில்தான் பிறக்கின்றன. மேலும், ஆப்பிளும் கூகுளும் சதுரச் சின்னத்தின் முனைகளைத் தாமே வளைத்து வெட்டிவிடுகின்றன. ஆகவே, முனைகளில் இன்றியமையாத எதனையும் வைத்தல் கூடாது.

ஒரு பார்வை, ஒரு செய்தி

வண்ணநீரைக் குப்பிகளில் பிரித்து அடுக்கும் புதிர் ஒன்றைக் கருதுவோம். ஓவியர் முதலில் பன்னிரண்டு குப்பிகளை வரிசையாக வரைகிறார். பின்னணியில் மலர்த்தோட்டம் அமைக்கிறார். மேலே விளையாட்டின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்கிறார். முழுத்திரையில் அது கண்ணைக் கவரும். கட்டைவிரல் அளவிற்குச் சுருக்கினால், குப்பிகள் கோடுகளாகும்; மலர்கள் கறைகளாகும்; பெயர் மங்கிய பட்டையாகும்.

இரண்டாம் முறை அவர் பத்துக் குப்பிகளை நீக்குகிறார். எஞ்சிய இரண்டில் ஒன்றைப் பெரிதாக்கிச் சாய்த்து, அதிலிருந்து நீலநீர் கீழிருக்கும் மற்றக் குப்பியின் வாய்க்குள் விழுவதாக வரைகிறார். கீழ்க்குப்பி நிரம்ப இன்னும் ஓர் அடுக்கே குறைகிறது. இப்பொழுது படம் எவ்வளவு சிறிதாயினும் செய்தி தெளிவாகிறது: ஊற்றுதல், பிரித்தல், நிரப்புதல்.

இங்குக் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. முடிந்த புதிரை வரைந்தால் பார்ப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. குழம்பிக் கிடக்கும் புதிரை வரைந்தால் தயக்கமே தோன்றும். முடிவிற்கு ஒரு படி முன்னுள்ள கணத்தை வரைந்தால், அப்படியைத் தாமே நிறைவு செய்யும் விருப்பம் அவருள் எழும். புதிரின் முகப்போவியம் விடையைக் காட்டுவதன்று, விடைக்கு அழைப்பது.

முகமும் வண்ணமும்

மனிதக் கண் முகங்களை விரைந்து அறியும். 2009ஆம் ஆண்டு பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் வெளியிட்ட ஆங்கிரி பேர்ட்ஸ் விளையாட்டின் சின்னத்தில் கவணும் இல்லை, கட்டடமும் இல்லை. சினந்த புருவங்களையுடைய சிவப்புப் பறவையின் முகம் மட்டுமே நிறைந்திருந்தது. 2014இல் வெளிவந்த திரீஸ் என்னும் எண்புதிர், எண் அட்டைகளுக்கே முகங்களை அளித்து வறண்ட எண்களுக்கு உயிரூட்டியது. எனினும், விளையாட்டில் இல்லாத முகத்தை ஓவியத்தில் ஒட்டவைத்தல் பொருந்தாது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைவிட வேறுபாடே முதன்மையானது. கருப்பொருளுக்கும் பின்னணிக்கும் ஒளியளவில் தெளிவான வேறுபாடு இருத்தல் வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இதனை எளிதில் அறியலாம். அந்நிலையிலும் குப்பி தனித்துத் தெரிந்தால் ஓவியம் உறுதியானது.

தெரியுமா?

வட ஐரோப்பிய வழித்தோன்றல்களான ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு நிறக்குறைபாடு உண்டு. அவர்களுள் பலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிதல் கடினம். வண்ணத்தோடு வடிவ வேறுபாட்டையும் சேர்த்துக் காட்டினால், அத்தகையோரும் படத்தின் பொருளை உணர்வர்.

எழுத்தின் அளவு

செயலிக்கடையில் சின்னத்தின் அருகிலேயே விளையாட்டின் பெயர் அச்சிடப்படுகிறது. ஆதலால், சின்னத்திற்குள்ளும் பெயரை எழுதுதல் இடத்தை வீணாக்கும். அகன்ற முகப்புப்படத்தில் பெயர் தேவை. அது தடித்த, எளிய எழுத்துருவில் அமைதல் நன்று. தமிழில் பெயர் எழுதுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எழுத்து மிகச் சிறிதானால் மெய்யின் புள்ளி மறைந்து சொல்லே மாறித் தோன்றக்கூடும்.

புகழ்மொழிகளைப் படத்தில் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்டீம் தன் முகப்புப்படங்களில் விருதுகள், மதிப்பெண்கள், தள்ளுபடி அறிவிப்புகள் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு விதித்தது. ஓவியமும் பெயரும் துணைத்தலைப்புமே போதும் என்பது அதன் நிலைப்பாடு.

வாய்மையே முகப்பு

கவர்ச்சி ஒன்றையே இலக்காகக் கொண்டால் ஓவியம் பொய்யுரைக்கத் தொடங்கும். 2020ஆம் ஆண்டு பிரித்தானியாவின் விளம்பரத் தரநிலை ஆணையம், ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் ஆகிய விளையாட்டுகளின் இரண்டு விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. விளம்பரத்தில் ஊசிகளை இழுத்து விடைகாணும் புதிர்கள் காட்டப்பட்டன. விளையாட்டில் பெரும்பகுதியோ ஒத்தவற்றை மூன்றாக இணைக்கும் புதிராக இருந்தது. விளம்பரங்கள் மக்களைத் தவறாக வழிநடத்தின என்பதே ஆணையத்தின் முடிவு.

இப்படிப்பினை முகப்போவியத்திற்கும் பொருந்தும். ஏமாற்றப்பட்டவர் செயலியை உடனே நீக்குவார்; குறைந்த மதிப்பெண் இடுவார்; அம்மதிப்பெண் சின்னத்தின் அருகிலேயே நிற்கும். பெருநிறுவனம் அவ்விழப்பைத் தாங்கலாம். இரண்டொருவர் கூடிப் பல மாதங்கள் உழைத்து உருவாக்கிய சிறு விளையாட்டு தாங்காது. ஒரே ஒரு படத்தால் அவ்வுழைப்பு அறியப்படாமலும் போகலாம். அவப்பெயர் பெற்றும் அழியலாம்.

ஒப்பிட்டு அறிதல்

தம் படைப்பைத் தாமே மதிப்பிடுதல் அரிது. கூகுள் பிளே கடையும் ஆப்பிளின் கடையும், ஒரே விளையாட்டிற்கு வெவ்வேறு படங்களை வெவ்வேறு பார்வையாளருக்குக் காட்டி, எதனைக் கண்டோர் மிகுதியாகப் பதிவிறக்கினர் என்று அறியும் வசதியை வழங்குகின்றன. ஒரு சோதனையில் ஒரு கூறினை மட்டும் மாற்றுதல் வேண்டும். பின்னணியையும் பொருளையும் ஒருங்கே மாற்றினால், பயன் எதனால் விளைந்தது என்பது விளங்காது.

அவ்வசதி இல்லாதோர்க்கும் எளிய வழி உண்டு. படத்தைச் சுருக்கி, வேறு இருபது சின்னங்களின் நடுவில் வைத்து, விளையாட்டை அறியாத ஒருவரிடம் நொடிப்பொழுது காட்டி, “இதில் என்ன செய்யவேண்டும்?” என்று வினவலாம். “ஊற்றவேண்டும்” என்று அவர் விடையிறுத்தால், குப்பியை வரைந்தவரின் பணி நிறைவுற்றது. அவர் தயங்கினால், நீக்கவேண்டியது இன்னும் படத்தில் எஞ்சியிருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் அறிந்த புதிர் விளையாட்டு ஒன்றிற்கு, முடிவிற்கு ஒரு படி முன்னுள்ள கணத்தைக் காட்டும் முகப்போவியத்தை இரண்டு அங்குலச் சதுரத்தில் வரைக.

2. ‘விளம்பரத்தில் கவர்ச்சியும் வாய்மையும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.