காப்பியின் சுவை

சென்னையின் வடபகுதியில், இராயபுரத்தை அடுத்துள்ள காசிமேட்டில் பொழுது புலரும் முன்னரே ஆரவாரம் தொடங்கிவிடும். கடலில் வலை வீசித் திரும்பும் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறையை அணையும். மீனைக் கூடைகளில் இறக்குவோரும், ஏலம் கூறுவோரும், பனிக்கட்டி சுமப்போரும் ஓய்வின்றி இயங்குவர். துறையோரக் கடைகளில் ஆவி பறக்கும் தேநீரையும் காப்பியையும் நின்றவாறே பருகிவிட்டு மீண்டும் வேலைக்கு விரைவர். காப்பியின் சுவையை ஆராய அவர்களுக்கு நேரம் ஏது? ஆயினும், தரத்தை ஆராயும் கலையில் அவர்கள் வல்லவர்களே. மீன் வாங்க வருவோர் செவுளைத் தூக்கிப் பார்ப்பர்; கண்ணின் ஒளியை நோக்குவர்; விரலால் அழுத்திப் பார்ப்பர். நொடிப்பொழுதில், மீன் புதியதா பழையதா என்பது அவர்களுக்கு விளங்கிவிடும்.

மீனின் தரத்தைக் கண்ணும் விரலும் அறிவதுபோல, காப்பியின் தரத்தை மூக்கும் நாவும் அறிகின்றன. இக்கலையைப் பயணிகளுக்குக் காட்டும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. தமிழ்நாட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கைத் தீவின் மலைநாட்டுக்கு விடுமுறையைக் கழிக்கச் செல்வோர், அங்குள்ள காப்பித் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துச் சுவை கண்டு மீள்கின்றனர். குடகிலும் ஏற்காட்டிலும் இத்தகைய வாய்ப்பு உண்டு.

பயணிகள் முதலில் காண்பது காப்பிச் செடியை. நிழல் மரங்களின் கீழே, கிளைதோறும் கொத்துக்கொத்தாகக் காய்த்திருக்கும் கனிகள் யாவும் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரு கொத்திலேயே பச்சைக் காயும் சிவந்த கனியும் கலந்திருக்கும். சிவந்தவற்றை மட்டும் ஆய்ந்து பறித்தல் வேண்டும். பச்சைக் காய் கலந்தால் காப்பி துவர்த்துவிடும். எனவே, கோப்பையில் உள்ள சுவை, பறிக்கும் தொழிலாளியின் விரல் நுனியிலேயே தொடங்குகிறது எனலாம். பறித்த கனியின் தோலை எந்திரத்தால் உரிப்பர். விதையைச் சூழ்ந்த வழவழப்பான சதை நீங்குமாறு நொதிக்கவிட்டுக் கழுவுவர். பின்னர் வெயிலில் உலர்த்தி மேலுறையை நீக்குவர். அப்பொழுது கிடைப்பது பச்சைக்கொட்டை. அதில் காப்பியின் மணம் சிறிதும் இராது. தீயில் வறுத்த பின்னரே அம்மணம் பிறக்கிறது.

இனிச் சுவை காணும் முறையைக் காண்போம். இதற்குப் பாலோ, சருக்கரையோ, சிக்கரியோ சேர்ப்பதில்லை. புதிதாக அரைத்த தூளைக் கோப்பையிலிட்டு, முதலில் அதன் மணத்தை நுகர்வர். பின்னர், கொதிநிலையினும் சற்றுக் குறைந்த, ஏறக்குறைய 93 பாகை வெப்பமுள்ள நீரை வார்ப்பர். தூள் மேலே மிதந்து ஏடுபோல் படியும். நான்கு நிமிடம் கழித்து, மூக்கைக் கோப்பையின் அருகே கொண்டுசென்று, கரண்டியால் அவ்வேட்டை விலக்குவர். அடைபட்டிருந்த மணம் ஒருசேர எழும். மிதக்கும் நுரையை நீக்கிச் சூடு சற்றுத் தணிந்தபின், ஒரு கரண்டி எடுத்து ஓசை எழுமாறு உறிஞ்சுவர்.

விருந்தில் இவ்வாறு ஓசையுடன் உறிஞ்சினால் நகைப்பர். இங்கோ அதற்குக் காரணம் உண்டு. வேகமாக உறிஞ்சும்போது காப்பி நுண்துளிகளாகி வாய் முழுவதும் பரவுகிறது. அதன் மணம் தொண்டையின் பின்புற வழியாக மூக்கை அடைகிறது. நாம் சுவை என்று கூறுவதில் பெரும்பகுதி மணமே. சளி பிடித்தபோது உணவு சுவையற்றுத் தோன்றுவது இதனாலன்றோ? தேர்ந்த சுவைஞர்கள் ஒரே வகைக் காப்பியை ஐந்து கோப்பைகளில் வைத்துச் சோதிப்பர். பழுதான கொட்டை ஒன்று கலந்திருப்பினும், ஒரு கோப்பையின் வேறுபட்ட சுவை அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கசப்பு ஒன்றே காப்பியின் குணம் என்று எண்ணியிருந்தவர்கள், அதில் பழத்தின் புளிப்பும் வெல்லத்தின் இனிமையும் இருத்தலை அறிந்து வியப்பர்.

இவ்வாறு சுவை கண்டு வெளியே வரும் பயணி, மலைச்சரிவெங்கும் தேயிலையே படர்ந்திருக்கக் காண்பான். காப்பி ஏன் அருகிவிட்டது என்னும் வினா அவனுக்கு எழுதல் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகளை அழித்து ஆங்கிலேயர் பெருந்தோட்டங்கள் அமைத்தனர். அங்கு உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து சென்ற ஏழை மக்கள். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்ற அவர்கள், தோணிகளில் கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நூறு மைல்களுக்கு மேல் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். இன்று விடுமுறைக்காகச் செல்லும் தீவுக்கு, அன்று அவர்கள் வயிற்றுக்காகச் சென்றனர்.

1870ஆம் ஆண்டளவில் இலங்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி இராத்தல் காப்பியை ஏற்றுமதி செய்தது. ஆயின், 1869இலேயே அழிவு தொடங்கிவிட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடிபோல் தோன்றும் துருநோய் காப்பிச் செடிகளைப் பற்றியது. இலைகள் உதிர்ந்தன, செடிகள் நலிந்தன. 1880இல் அங்குச் சென்று ஆராய்ந்த மார்ஷல் வார்டு என்னும் அறிஞர், நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சையே என்றும், அதன் நுண்வித்துகளைக் காற்று சுமந்து செல்கிறது என்றும் விளக்கினார். இடைவெளியின்றி ஒரே பயிரை மலை முழுதும் நட்டமையால் நோய் தடையின்றிப் பரவியது. 1889இல் ஏற்றுமதி ஏறத்தாழ 50 இலட்சம் இராத்தலாகச் சுருங்கியது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் பயிரிட்டிருந்த தேயிலை, காப்பியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. காப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து மீண்டுகொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர்கள், ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ளும் வேலைக்காக அம்மலைகளிலேயே குடும்பத்துடன் தங்கினர். ஒரு பயிரின் நோய் ஒரு மக்களின் வாழ்வையே மாற்றிவிட்டது.

ஆகவே, காப்பியைச் சுவைத்தறிதல் நாவின் பயிற்சி மட்டுமன்று. மண்ணின் வளம், கனியின் பக்குவம், வறுப்பவரின் திறம், பறித்தவரின் உழைப்பு ஆகிய யாவும் அந்த ஒரு கரண்டிக் காப்பியில் அடங்கியுள்ளன. காசிமேட்டுத் துறையில் மீனைப் பார்த்து விலை பேசுவோர், அதனைப் பிடிக்க இருளில் அலையோடு போராடியவரை நினைத்தல் வேண்டும். அவ்வாறே, காப்பியின் மணத்தில் மகிழ்வோர், காட்டுவழியே நடந்து சென்று மலையில் கனி பறித்த கைகளையும் நினைத்தல் வேண்டும். பொருளின் சுவையோடு அது வந்த வழியையும் அறிபவரே அதனை முழுமையாகச் சுவைத்தவர் ஆவர்.