‘1,000-க்கும் மேற்பட்ட பிழைகள்’ என மிரட்டும் கிளீனர்: கணினி ஸ்லோ ஆனால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பட்டனை அழுத்திவிட்டு, காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் வந்தபாடில்லை. பிரவுசரைத் திறந்தால் நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் பில் கட்ட இன்றுதான் கடைசி நாள். பிள்ளையின் ப்ராஜெக்ட்டும் அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. ‘சிஸ்டம் ஏன் இவ்ளோ ஸ்லோ?’ என்று தேடினால் ஒரு விளம்பரம் வருகிறது: ‘இலவச ஸ்கேன்’. க்ளிக் செய்த இரண்டாவது நிமிடம் திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கணினியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள், சரிசெய்யப் பணம் கட்டுங்கள் என்கிறது.

பல வீடுகளில் சின்னப் பிரச்சினை பெரிய பிரச்சினையாக மாறுவது இந்த இடத்தில்தான். அந்த எண்ணிக்கைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? கிளீனர் மென்பொருள்கள் எதை ‘சுத்தம்’ செய்கின்றன?

கிளீனர் என்ன செய்கிறது?

பொதுவாக மூன்று வேலைகள். ஒன்று, தற்காலிகக் கோப்புகளை அழிப்பது. இரண்டு, பிரவுசரின் கேஷ், குக்கீஸ் போன்றவற்றை நீக்குவது. மூன்று, விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’யில் கை வைப்பது.

முதல் வேலையை விண்டோஸே இலவசமாகச் செய்யும். இரண்டாவதால் வேகம் பெரிதாகக் கூடிவிடாது. கேஷ் என்பது ஏற்கெனவே பார்த்த இணையப் பக்கத்தின் படங்களை மறுபடி டவுன்லோடு செய்யாமல் இருக்கச் சேமித்து வைப்பது. அதை அழித்தால் அடுத்த முறை அந்தப் பக்கம் இன்னும் மெதுவாகத்தான் வரும். குக்கீஸ் போனால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும்.

மூன்றாவது வேலைதான் ஆபத்தானது. ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைத்திருக்கும் பெரிய பதிவேடு. அதில் லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். எப்போதோ நீக்கிய மென்பொருளின் பழைய பதிவு ஒன்று அங்கே கிடப்பதால் கணினி மெதுவாகாது. ஆனால், அப்படி ஒவ்வொன்றையும் கிளீனர் ஒரு ‘பிழை’ என்று எண்ணிவிடும். ஆயிரம் பிழைகள் வருவது இப்படித்தான். புதிதாக வாங்கிய கணினியிலும் இது நடக்கலாம்.

தேவையான பதிவு ஒன்று தவறுதலாக நீக்கப்பட்டால் பிரிண்டர் வேலை செய்யாமல் போகலாம், ஆபீஸ் திறக்காமல் போகலாம், சில நேரம் விண்டோஸே எழாமல் போகலாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் கோளாறுகளைச் சரிசெய்ய முடியும் என்று உத்தரவாதம் தர முடியாது என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

பயமே வியாபாரம்

மிரட்டிப் பணம் பறிப்பது வெறும் சந்தேகம் அல்ல, வழக்காகவே வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் வாடிக்கையாளர்களின் கணினிக்கு இலவசப் பரிசோதனை செய்துவந்தார்கள். தொடக்கத்திலேயே நான்கு கேள்விகள் கேட்கப்படும். கணினி ஸ்லோவா, அடிக்கடி நின்றுவிடுகிறதா என்பது மாதிரி. அதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்று டிக் செய்தாலே, ஸ்கேனில் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘மால்வேர் அறிகுறி’ என்று முடிவு வரும் என்பது அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. 2019-ல் அந்த நிறுவனமும், மென்பொருளைத் தந்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன.

2024 மார்ச்சில் ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு நிறுவனங்கள் இதேபோன்ற புகாரில் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. விண்டோஸ் எச்சரிக்கை போலத் தோன்றும் விளம்பரங்களைக் காட்டி, இல்லாத கோளாறுகளைச் சரிசெய்வதாகப் பணம் வாங்கினார்கள் என்பது புகார்.

நல்ல பெயர் எடுத்த மென்பொருள் என்றால் பாதுகாப்பா?

அதற்கும் உத்தரவாதம் இல்லை. உலகம் முழுக்கப் பிரபலமான சிகிளீனர், 2017 ஆகஸ்டில் வெளியிட்ட 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் ரகசியமாக மால்வேரைப் புகுத்தியிருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த சர்வரிலிருந்து, முறையான டிஜிட்டல் கையெழுத்துடன் அது விநியோகமானது. ஏறக்குறைய 22.7 லட்சம் பயனர்களிடம் அந்தப் பதிப்பு போய்ச்சேர்ந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கணினிகளைக் குறிவைத்தே இது நடத்தப்பட்டது என்று பின்னர் தெரியவந்தது.

கிளீனர் மென்பொருள் கணினியின் எல்லா மூலைகளுக்கும் போக அனுமதி கேட்கிறது. அதற்குள் திருடன் புகுந்துவிட்டால், வீட்டுச் சாவியை நாமே கொடுத்த மாதிரிதான்.

சரி, கணினி மக்கர் செய்தால் என்ன செய்வது?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். ஐந்தை ஒரேயடியாக மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

1. பேக்கப்: போட்டோக்கள், சான்றிதழ்கள், ப்ராஜெக்ட் கோப்புகளை முதலில் பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகலெடுங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் வேறு எதையும் முயல வேண்டாம். முக்கியமானதை மட்டும் நகலெடுத்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

2. எப்போதிலிருந்து?: பிரச்சினை எந்த நாளில் தொடங்கியது? அதற்கு முன் புதிதாக ஏதாவது இன்ஸ்டால் செய்தீர்களா? பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும்.

3. ரீஸ்டார்ட்: ‘ஷட் டவுன்’ செய்து ஆன் செய்வது போதாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இருக்கும் கணினிகளில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாகப் புதிதாகத் தொடங்காது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் தொடங்கும்.

4. டாஸ்க் மேனேஜர்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது 100 சதவீதத்தை நெருங்குகிறது, எந்த மென்பொருள் அதைச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். அங்கேயே ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில், ஆன் செய்ததும் தானாகத் தொடங்கும் செயலிகளில் தேவையில்லாததை முடக்கலாம். முடக்குவது அழிப்பது அல்ல. வேண்டுமென்றால் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

5. சி டிரைவ்: இடம் நிரம்பிச் சிவப்புக் கோடு தெரிகிறதா? செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ பட்டியலைத் திறக்கலாம். ஒரு எச்சரிக்கை: அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒன்று இருக்கும். அதை டிக் செய்துவிடாதீர்கள். ஆதார் பி.டி.எஃப்., ஹால் டிக்கெட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பலருக்கும் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கின்றன.

6. வைரஸ் ஸ்கேன்: விண்டோஸுடன் வரும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யிலேயே முழு ஸ்கேன் செய்யலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ உண்டு. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் இலவசக் கருவிகளைத் தருகிறது.

7. சேஃப் மோட்: ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் இதற்கான வழி திறக்கும். சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஓடினால், பின்னால் சேர்த்த மென்பொருளோ டிரைவரோதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ ஆன் செய்யப்பட்டிருந்தால், அதன் மூலம் முந்தைய தேதிக்குத் திரும்பலாம்.

இவ்வளவு செய்தும் சரியாகவில்லையா? கோளாறு மென்பொருளில் இல்லாமலும் இருக்கலாம். ஃபேனில் தூசி அடைத்தால் கணினி சூடாகி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4 ஜி.பி. ரேமில் பத்து டேப் திறந்தால் திணறும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினால் கிடைக்கும் வேகத்தை எந்தக் கிளீனராலும் தர முடியாது.

ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்டேனே!

பதற வேண்டாம். செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ பகுதிக்குப் போய் நீக்கிவிடுங்கள். அதன் பிறகும் திரை ஓரத்தில் ‘வைரஸ் இருக்கிறது’ என்று அறிவிப்பு வந்தால், ஏதோ ஒரு இணையதளத்துக்கு நீங்கள் கொடுத்த ‘நோட்டிஃபிகேஷன்’ அனுமதி காரணமாக இருக்கலாம். பிரவுசர் செட்டிங்ஸில் அந்த அனுமதியை ரத்து செய்தால் நின்றுவிடும்.

திரையில் வந்த எண்ணுக்கு போன் செய்து, யாரோ சொன்னபடி ரிமோட் செயலியை ஏற்றிவிட்டீர்களா? முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள். பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஒன்று நினைவிருக்கட்டும்: விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் போன் நம்பர் இருக்காது.

கடைசியில் சர்வீஸ் கடைக்கே போக வேண்டியிருந்தாலும், ‘ஃபார்மேட் பண்ணிடலாமா?’ என்று கேட்டவுடன் தலையாட்டிவிடாதீர்கள். ஃபார்மேட் செய்தால் டிரைவில் உள்ளதெல்லாம் போய்விடும். எந்த டிரைவ், எது அழியும், பேக்கப் எடுத்தாயிற்றா என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகு கணினியைக் கொடுங்கள்.