இத்தாலிய உணவகத்தில் அமர்வதற்கும் கட்டணமா? சுற்றுலாப் பயணிகள் பில்லில் கவனிக்க வேண்டியவை

இத்தாலியில் பாரம்பரிய உணவகம் ஒன்றில் இருவர் தலா ஒரு தட்டு பாஸ்தா உண்டபின் வரும் பில்லில், அவர்கள் கேட்காத ஒன்றுக்கும் விலை போடப்பட்டிருப்பது வழக்கம். ‘கோபெர்த்தோ’ என்ற அந்த வரியைக் கண்டு, தாம் ஏமாற்றப்பட்டதாகவே வெளிநாட்டுப் பயணிகள் பலர் கருதுகின்றனர். ஆனால், நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் அது முறையான கட்டணமே. தலைநகர் ரோமிலோ அதே வரிக்குச் சட்டத்தில் இடமில்லை.

கடந்த 2025 டிசம்பரில் புது தில்லியில் நடைபெற்ற யுனெஸ்கோ குழுக் கூட்டத்தில், தீபாவளிப் பண்டிகையுடன் இத்தாலிய சமையல் மரபும் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தச் சமையலைத் தேடிச் செல்லும் பயணிகள், சுற்றுலாத் தலங்களில் எது முறையான கட்டணம், எது முறைகேடு என்பதை அறிந்திருப்பது அவசியமாகிறது.

இந்த வேறுபாடு சிறிய தொகை சார்ந்ததல்ல. வெனிஸ் நகரில் புனித மார்க் சதுக்கத்துக்கு அருகே, ஜப்பானிய மாணவர்கள் நால்வருக்கு 2018 ஜனவரியில் 1,100 யூரோவுக்கும் அதிகமான பில் அளிக்கப்பட்டது. நான்கு மாட்டிறைச்சி ஸ்டேக், ஒரு தட்டு பொரித்த மீன், குடிநீர் ஆகியவற்றுக்கான தொகை அது. அவர்கள் காவல் துறையில் புகார் அளித்ததைத் தொடர்ந்து அதிகாரிகள் அந்த உணவகத்தில் சோதனை நடத்தி அபராதம் விதித்தனர்.

கோபெர்த்தோ என்றால் என்ன?

மேசை விரிப்பு, தட்டு, கரண்டி, ரொட்டி ஆகியவற்றுக்காக ஒவ்வொருவரிடமும் பெறப்படும் நிலையான தொகையே கோபெர்த்தோ. சாதாரண உணவகங்களில் இது பெரும்பாலும் 1.5 முதல் 3 யூரோ வரை இருக்கும். புகழ்பெற்ற சதுக்கங்களில் இதைவிட அதிகம். இடைக்காலத்தில் சொந்த உணவைக் கட்டிக்கொண்டு வந்து சத்திரங்களில் அமர்ந்து உண்ட வழிப்போக்கர்களிடம் பெறப்பட்ட கட்டணமே இதன் தொடக்கம் என்று கூறப்படுகிறது.

ரோம் அமைந்துள்ள லாட்சியோ மாகாணம், 2006-ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் மூலம் இக்கட்டணத்தைத் தடை செய்தது. அங்கு ரொட்டிக்குத் தனி விலை பெறலாம். ஆனால், அந்த விலை மெனுவில் இருக்க வேண்டும்; ரொட்டி வேண்டாம் என்று வாடிக்கையாளர் மறுத்துவிடவும் முடியும்.

சேவைக் கட்டணமும் டிப்ஸும்

‘செர்விட்சியோ’ எனப்படும் சேவைக் கட்டணம் கோபெர்த்தோவிலிருந்து வேறுபட்டது. இது பில் தொகையில் குறிப்பிட்ட சதவீதமாகக் கணக்கிடப்படுகிறது. சுற்றுலாப் பகுதிகளிலேயே இது அதிகம் காணப்படும். இந்தியாவில் சேவைக் கட்டணத்தை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்ற வழிகாட்டு நெறிகளை தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. இத்தாலியிலோ, மெனுவில் முன்கூட்டியே குறிப்பிட்டிருந்தால் அதை வசூலிக்கலாம். இதற்கு மேல் டிப்ஸ் அளிப்பது வாடிக்கையாளரின் விருப்பம் மட்டுமே; கட்டாயமில்லை.

எடைக்கு ஏற்ற விலை

பில் எதிர்பாராத அளவுக்கு உயர்வதற்கு முக்கியக் காரணம் மீனும் இறைச்சியும் ஆகும். முழு மீன், புளோரன்ஸ் நகரின் புகழ்பெற்ற ‘பிஸ்தெக்கா’ ஸ்டேக் போன்றவற்றுக்குத் தட்டு விலை இருப்பதில்லை. ‘எத்தோ’, அதாவது 100 கிராமுக்கான விலையே மெனுவில் இருக்கும். சமைப்பதற்கு முந்தைய எடையே கணக்கில் கொள்ளப்படும். மெனுவில் 7 யூரோ என்று காணப்படும் மீன் 1.2 கிலோ எடை இருந்தால், பில்லில் அது 84 யூரோவாகிவிடும். எனவே மீனை மேசைக்குக் கொண்டுவந்து காட்டும்போதே அதன் எடையையும் மொத்த விலையையும் கேட்டறிவது அங்கு இயல்பான நடைமுறை.

காபிக்கும் இரு விலை உண்டு. கல்லா அருகே நின்று குடித்தால் ஒரு விலை. மேசையில் அமர்ந்து குடித்தால் அதைவிடப் பல மடங்கு. வெனிஸின் பழைமையான காபியகங்களில், இசைக்குழு வாசிக்கும் நேரத்தில் வெளியே அமர்வோரிடம் இசைக்கென்று தனித் தொகையும் பெறப்படுகிறது.

மெனுவில் இருப்பதும் இல்லாததும்

விலையுடன் கூடிய மெனுவை உணவகத்தின் வாசலிலும் வைக்க வேண்டும் என்பது இத்தாலியில் விதி. கோபெர்த்தோ, சேவைக் கட்டணம் ஆகியவை அதில் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். உணவின் பெயருக்கு அருகே நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைய வைத்த பொருளால் தயாரிக்கப்பட்டது என்று பொருள். ஒவ்வாமை ஏற்படுத்தக்கூடிய 14 வகைப் பொருள்கள் குறித்தும் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி தகவல் அளிக்க வேண்டும்.

எனினும், சைவ உணவு உண்போருக்குத் தேவையான ஒரு தகவல் மெனுவில் பொதுவாக இருக்காது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி, கன்றின் இரைப்பையிலிருந்து பெறப்படும் ரென்னெட் கொண்டே தயாரிக்கப்பட வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. ரோமின் பெக்கோரினோ வகைக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட் பயன்படுகிறது. ஆகவே இறைச்சித் துண்டு எதுவும் இல்லாத பாஸ்தாவும் கண்டிப்பான சைவமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாலாடைக்கட்டி சேர்க்காமல் தருமாறு கேட்பதே பாதுகாப்பானது.

பில் தவறாக இருந்தால்

இத்தாலிய உணவகங்களில் வாடிக்கையாளர் கேட்கும் வரை பில் கொண்டுவரப்படுவதில்லை. உண்டவரை அவசரப்படுத்தி எழுப்புவது அங்கு மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. கையால் எழுதிய துண்டுச் சீட்டு, சட்டப்படியான ரசீதாகாது. பணம் செலுத்தியதும் முறையான ரசீது வழங்குவது உணவகத்தின் கடமை. கார்டு மூலம் பணம் பெற மறுத்தால், 2022 ஜூன் 30 முதல், 30 யூரோவும் பரிவர்த்தனைத் தொகையில் 4 சதவீதமும் அபராதமாக விதிக்க முடியும்.

மெனுவில் இல்லாத கட்டணம் பில்லில் இருந்தால், மெனுவையும் பில்லையும் ஒப்பிட்டுக் காட்டி அதை நீக்கக் கோரலாம். ரசீது தர மறுப்பது போன்ற முறைகேடுகளை, நிதிக் குற்றங்களை விசாரிக்கும் ‘குவார்டியா தி ஃபினான்சா’ காவல் பிரிவிடம் 117 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.