உவர் நிலத்துக்கு வந்த நெல்

கல்முனையிலிருந்து தெற்கே அக்கரைப்பற்றை நோக்கிச் செல்லும் நெடுவீதியிற் பயணஞ் செய்வோர், வீதியின் இரு மருங்கிலும் இருவேறு உலகங்களைக் காண்பர். கிழக்கே மணல், தென்னந்தோப்பு, நெருக்கமாய் அமைந்த வீடுகளும் பள்ளிவாசல்களும், அவற்றுக்கு அப்பால் வங்கக் கடல். மேற்கே, வீட்டு வளவுகள் முடிந்தவுடன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்வெளி. சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என்று வரிசையாய் வரும் ஊர்கள் யாவும் இந்த ஒடுங்கிய மணற்பட்டையின் மீதே குடியமர்ந்திருக்கின்றன. இவ்வூர்களின் ஒரு கை வலையைப் பற்றியிருக்க, மறு கை ஏரைப் பற்றியிருக்கின்றது. இப்பகுதியில் 'வேளாண்மை' என்ற சொல்லே நெற்பயிரைத்தான் குறிக்கும் என்பதை நினைவிற் கொண்டால், நெல் இங்கு எத்துணை வேரூன்றியது என்பது விளங்கும்.

இவ்வயல்களுக்கு நன்னீர் வருவது மேற்கேயிருந்து. பட்டிப்பளை ஆறு என்று தமிழில் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய அத்திட்டத்தின் வாய்க்கால்கள் மலையடிவாரத்தில் தொடங்கிக் கடற்கரையை அணுகும்போது ஓய்ந்து போகின்றன. வாய்க்காலின் தலைப்பில் இருப்பவனுக்கு நீர் முதலில் வரும். கடைக்கோடியில் இருப்பவனுக்கு மிஞ்சியது வரும். கரையோர ஊர்களின் வயல்களுட் பல அந்தக் கடைக்கோடியிலேயே கிடக்கின்றன.

நன்னீர் குறைந்த இடத்தில் உவர் நீர் தலையெடுக்கின்றது. மட்டக்களப்பு வாவி தெற்கே கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கின்றது. மழை ஓய்ந்து சிறுபோகத்து வெயில் கடுமையாகும் மாதங்களில் வாவியின் நீர்மட்டம் தாழ, கடலின் உப்பு உள்ளே நெடுந்தூரம் ஏறுகின்றது. நிலத்தடியில் உள்ள உவர்நீரோ, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே வருகின்றது. நீர் ஆவியாகிப் போய்விட, உப்பு மட்டும் மேலே தங்குகின்றது. வரம்போரங்களில் வெண்ணிறப் பொருக்குப் படர்வதை விவசாயி காண்பது அப்போதுதான்.

மெல்ல மெல்ல நிகழும் இச்செயலைக் கடல் ஒரே காலைப்பொழுதில் செய்து முடித்ததும் உண்டு. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், இலங்கையின் மாவட்டங்கள் யாவற்றிலும் அம்பாறை மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. மாண்டோர் தொகை பதினாயிரத்தைத் தாண்டியது. அத்துயரத்தின் முன் வயலைப் பற்றி எவரும் பேசத் துணியவில்லை. ஆயினும் பெரும்போகப் பயிர் நிலத்தில் நின்ற வேளை அது. கடல்நீர் எட்டிய வயல்களிற் பயிர் கருகியது. பிழைத்தவர்கள் சில மாதங்களின் பின் வரம்பில் வந்து நின்றபோது எழுந்த கேள்வி ஒன்றே: இந்த மண் இனி நெல்லைத் தருமா?

கேள்விக்கு ஒரே விடை இல்லை. மணற்பாங்கான மேட்டு நிலத்தில், வாடைக் காற்றோடு வரும் மழை உப்பைக் கரைத்துக் கீழே கொண்டு சென்றுவிடும். நீர் வடியாத களித்தரையிலோ உப்பு விடாப்பிடியாய்த் தங்கும். மழைக்குக் காத்திருப்பதைத் தவிர விவசாயியால் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்ற இடத்திலேதான் விதைநெல்லின் தேர்வு பெரிய காரியமாகின்றது.

உப்பு நெல்லை எவ்வாறு கொல்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இவ்வுப்பு மண்நீரில் கலக்கும்போது முதலாவதாகப் பயிருக்குத் தாகம் உண்டாகின்றது. வயலில் நீர் நிறைந்திருக்கும்; ஆயினும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஊறுகாய்ச் சாடியில் உப்பிட்ட மாங்காய்த் துண்டு தன் நீரைக் கக்கிச் சுருங்குவதை எந்த வீட்டுப் பெண்ணும் அறிவாள். வேருக்கு நேர்வதும் அதுவே. இரண்டாவது தீங்கு சில நாட்களின் பின் வருவது. உப்பிலுள்ள சோடியம் தண்டின் வழியே ஏறி இலைகளிற் சேர்ந்து, பயிருக்கு இன்றியமையாத பொற்றாசியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இலையின் நுனி வெளிறும்; சுருளும்; கருகும். ஆளற்ற வீட்டிற் புகுந்தவன் உரிமையாளனை உள்ளே விடாமற் கதவை அடைத்துக்கொள்வது போன்றது இது.

மண்ணின் உவரை மின்கடத்துதிறன் கொண்டு அளப்பது வழக்கம். அவ்வளவையின் அலகு மீற்றருக்கு டெசிசீமன் என்பது. கடல்நீர் இவ்வளவையில் ஏறக்குறைய 50 காட்டும். நெற்பயிர் 3 வரையே தாங்கும் என்றும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும் என்றும் ஆராய்ச்சியாளர் பொதுவாகக் கணித்துள்ளனர். ஏக்கருக்கு நூறு புசல் தரும் வயல், உவர் 6ஐ எட்டினால், அறுபத்து நான்கு புசலே தரும். விதை, பசளை, உழவுக் கூலி, வெட்டுக் கூலி ஆகியவற்றைக் கழித்தபின் அந்த அறுபத்து நான்கில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்கப்பிள்ளை வந்துதான் சொல்லவேண்டும் என்பதில்லை.

எல்லாப் பருவத்திலும் நெல் ஒரே அளவாக அஞ்சுவதுமில்லை. முளைக்கும்போது அது ஓரளவு துணிவுடையது. முளைத்து இரண்டு மூன்று இலை விடும் இளம் பருவத்தில் மிகவும் மெலிந்தது. மட்டம் வெடிக்கும் காலத்தில் மீண்டும் திடங்கொள்ளும். குடலைப் பருவத்திலும் பூக்கும்போதும் மறுபடி அஞ்சும். அப்போது உப்பு மிகுந்தால் கதிர் வந்தும் மணி பிடியாது, வெறும் சப்பியே நிற்கும். ஆகவே பயிர் பச்சைப் பசேலென்று நின்றதைக் கண்டு மகிழ்ந்தவன் அறுவடையில் ஏமாறுவதற்கு இடமுண்டு.

இனி, இந்த உவரைத் தாங்கும் நெல் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். கேரளத்தின் எறணாகுளம், ஆலப்புழை, திருச்சூர்ப் பகுதிகளில் கடலின் ஏற்றவற்றத்துக்கு உட்பட்ட சதுப்பு வயல்கள் உள. அங்கே தொன்றுதொட்டுப் பயிரிடப்படும் நெல் பொக்காளி. தென்மேற்குப் பருவமழை உப்பைக் கழுவும் மாதங்களில், சேற்றைச் சிறு மேடுகளாகக் குவித்து அவற்றின்மீது விதைப்பர். அறுக்கும்போது கதிரை மட்டும் கொய்துகொண்டு தாளை நீரிலேயே விட்டுவிடுவர். பின்பு உவர்நீர் ஏறும் மாதங்களில் அதே வயலில் இறால் வளரும். பசளையும் பூச்சிமருந்தும் காணாத வேளாண்மை அது. 2008ஆம் ஆண்டில் இந்தியாவில் இந்நெல்லுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

பொக்காளி இலங்கைக்குப் புதியதன்று. இத்தீவின் உவர் நிலங்களில் அது எவ்வாறு வளர்ந்தது என்பது பற்றி 1949ஆம் ஆண்டிலேயே இங்குள்ள விவசாய ஆராய்ச்சி இதழில் கட்டுரை வெளிவந்திருக்கின்றது. ஆயின் அதனை அப்படியே விதைத்தால் விவசாயிக்கு நிறைவு உண்டாகாது. ஆளுயரத்துக்கு அண்மையாக வளர்ந்து காற்றிற் சாய்ந்துவிடும். பசளை இட்டால் மணி பெருகுவதற்குப் பதிலாக வைக்கோல் பெருகும். உவரைத் தாங்கும் வலிமை ஒரு நெல்லிடம், நிறைய விளையும் தன்மை வேறொரு நெல்லிடம்.

இவ்விக்கட்டு நெல்லுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் புல்வெளி நாட்டில் மாரிகாலக் குளிர் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை இறங்குவதுண்டு. (அந்த நாற்பதில் மட்டும் சென்ரிகிறேட்டும் பரனைற்றும் ஒன்றாகிவிடுகின்றன.) அங்கே தானாக வளரும் காட்டுப் பிளம் மரம் குளிருக்கு அசையாது, அதன் கனியோ சிறியது, புளிப்புடையது. கீழைத்தேசத்துப் பிளம் பெரியது, இனியது. ஒரு மாரியையும் தாங்காது. தென் டகோட்டாவில் பணிபுரிந்த நீல்ஸ் ஹான்சன் என்பார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டையும் கலந்து, குளிரைத் தாங்கி நல்ல கனி தரும் பிளம் இனங்களை உண்டாக்கினார். அங்கே குளிர், இங்கே உப்பு. கையாண்ட வழி ஒன்றே.

இலங்கையில் நெல்லைக் கலந்து புது இனம் ஆக்கும் முயற்சிக்கு 1950களில் பத்தலகொடையில் அமைந்த ஆராய்ச்சி நிலையம் தலைமை தாங்கியது. 1958ஆம் ஆண்டில் அங்கிருந்து வெளிவந்த எச். 4 என்னும் நெல், உள்நாட்டு முருங்கக்காயனுக்கும் இந்தோனேசியாவிலிருந்து வந்த மாஸ் என்னும் நெல்லுக்கும் பிறந்தது. கிழக்கு மாகாணத்து முதியோர் அதன் பெயரை இன்றும் மறக்கவில்லை. பின்னர் குள்ளமான, சாயாத, பசளையை விளைச்சலாக மாற்றும் இனங்கள் வந்தன. 1970களில் வெளியான பீ.ஜி. 94-1 அவற்றுள் ஒன்று.

இந்த பீ.ஜி. 94-1ஐ ஒரு பெற்றோராகவும் பொக்காளியை மற்றதாகவும் கொண்டு, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியதே ஏ.ரி. 354. அது 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பெயரில் உள்ள எழுத்துக்கள் ஊரைக் குறிக்கின்றன. 350இல் தொடங்கும் எண், மூன்றரை மாத நெல் என்பதைக் குறிக்கின்றது. நெற்பெயர்களை வெறும் இலக்கங்கள் என்று சலித்துக்கொள்வோர், அவ்விலக்கத்தில் வயது எழுதப்பட்டிருப்பதை அறிந்தால் சிறிது மனம் ஆறுவர்.

நெல்லைக் கலப்பது பொறுமை வேண்டும் தொழில். நெற்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் இயல்பினது. ஆதலால் தாயாக நிற்கும் செடியின் ஒவ்வொரு பூவிலும் உள்ள ஆறு மகரந்தப் பைகளை, அவை வெடிப்பதற்கு முன்னரே, மெல்லிய இடுக்கியாலோ வேறு உபாயத்தாலோ அகற்றவேண்டும். பின்பு, பூ விரியும் முற்பகல் வேளையில், தந்தைச் செடியின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்க்கவேண்டும். கிடைப்பது சில மணிகள். அவற்றின் முதல் தலைமுறை ஒரே சீராக இருக்கும். இரண்டாம் தலைமுறையிலேதான் குடும்பம் பிரிகின்றது: சில நெட்டை, சில குட்டை; சில உவரில் மடிவன, சில பிழைப்பன. குட்டையாகவும் இருந்து உவரிலும் பிழைத்தவற்றை மட்டும் பொறுக்கி, மீண்டும் விதைத்து, மீண்டும் பொறுக்கி, இயல்பு மாறாத நிலைக்கு வரும்வரை ஆறேழு தலைமுறை காக்கவேண்டும். அதன் பின்னரே பல மாவட்டங்களிற் பரிசோதனை. ஒரு நெல்லினம் வெளிவரப் பத்தாண்டு அளவிற் செல்வது வியப்பன்று.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. கலப்பின நெல் என்றவுடன், போகத்துக்குப் போகம் கடையில் விதை வாங்கவேண்டிய நெல் எனச் சிலர் எண்ணுவர். அது முதல் தலைமுறை விதையையே விற்கும் முறைக்குப் பொருந்தும். ஏ.ரி. 354 தலைமுறை பல கடந்து நிலைபெற்ற இனம். வயலிற் கண்ட பிறநெல்லைக் களைந்து, முற்றிய கதிரைத் தனியே அடித்து, நன்கு உலர்த்தி வைத்தால், விவசாயி தன் விதையைத் தானே பேணலாம். கடன்பட்டே போகத்தைத் தொடங்கும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று.

பொக்காளியின் வழிவந்த நெற்கள் உப்பை எவ்வாறு வெல்கின்றன என்பது அண்மைக் காலத்திலேதான் தெளிவாகி வருகின்றது. அவை உப்பை உண்டு செரிப்பதில்லை. இலைக்குச் செல்லவிடாமற் காக்கின்றன. நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் பொக்காளியிலிருந்து கண்டறியப்பட்ட ஒரு பகுதிக்குச் 'சால்ரோல்' எனப் பெயரிட்டுள்ளனர். அதே இடத்தைச் சார்ந்த ஒரு பரம்பரை அலகு, வங்காளத்து நோனா பொக்ரா என்னும் நெல்லிலிருந்து 2005ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்டது. நீர் மேலேறும் குழாயிலிருந்து சோடியத்தை எடுத்து வேர்ப்பகுதியிலேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. சுங்கச் சாவடியில் நிற்கும் காவலன் போன்றது எனலாம். ஏ.ரி. 354ஐ பீ.ஜி. 352 என்னும் நெல்லுடன் கலந்து, உவர் தாங்கும் பிற அலகுகள் எங்கெங்கு உள என்று தேடும் ஆராய்ச்சியும் இலங்கையில் நடந்துள்ளது.

ஆயினும் காவலன் எத்துணை விழிப்பாயிருந்தாலும் கூட்டம் பெருகினால் சாவடி உடையும். கடல்நீரிலேயே வளரும் நெல் எதுவும் இல்லை. உவர் மிகக் கடுமையான நிலத்தில் ஏ.ரி. 354உம் தோற்கும். வடிகாலைத் தூர் வாருதல், உழுதபின் நன்னீர் நிறுத்தி ஓரிரு தடவை வடித்துவிடுதல், நாற்று இளம் பருவத்தில் நிற்கும்போது வயலை உலரவிடாதிருத்தல் ஆகிய மூன்றும் இல்லாமல் விதை மட்டும் உதவாது. அன்றியும், உவர் இல்லாத நல்ல வயலில் இதனை விதைப்பதால் தனிப்பயன் ஒன்றும் இல்லை; அங்கே வேறு இனங்கள் இதற்கு ஈடாகவோ மேலாகவோ விளையும். ஒரு விவசாயிக்கு மூன்று ஏக்கர் இருந்து, வாவியை அடுத்த ஓர் ஏக்கரில் மட்டும் வெண்பொருக்குப் படர்ந்தால், அந்த ஓர் ஏக்கருக்கே இந்நெல் உரியது.

எந்த ஏக்கர் என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்க முடியாது. வெண்பொருக்குத் தோன்றுவதற்கு முன்னரே உவர் 3ஐக் கடந்திருக்கலாம். வரம்பிலிருந்து இரண்டு பாக தூரத்தில் ஒரு பிடி, நடுவயலில் ஒரு பிடி, வடிகால் ஓரத்தில் ஒரு பிடி என மண்ணை எடுத்து, கலக்காமல் வெவ்வேறு பைகளில் இட்டு, விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்து அளப்பித்தல் வேண்டும். சிறுபோகம் முடிந்து, வாடை மழை தொடங்குவதற்கு முன், நிலம் உலர்ந்து கிடக்கும் நாட்களே அதற்கு ஏற்ற காலம். மழை ஒருமுறை பெய்துவிட்டால் மேல்மண்ணின் உப்புக் கீழிறங்கி, அளவைக் கருவியில் வயல் நல்லதாகவே தோன்றும்.