அதென்ன 297?

ஸ்கேல் எடுத்து ஒரு ஏ4 தாளை அளந்து பாருங்கள். அகலம் 210 மில்லிமீட்டர், உயரம் 297. 'முழுசா 300-னு வெச்சிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்?' என்று கேட்கத் தோன்றும். முழுகியிருக்கும் சார்!

தாளை நடுவில் மடித்துக் கிழியுங்கள். (மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டாம்!) கையில் வருகிற பாதிதான் ஏ5. சைஸ்தான் பாதி, ஜாடை அப்படியே ஏ4. அதையும் கிழித்தால் ஏ6. தாத்தா, அப்பா, பேரன் மாதிரி ஒரே மூக்கு, ஒரே முழி.

இந்த வித்தை ஒரே ஒரு விகிதத்துக்குத்தான் வரும். அகலம் 1, உயரம் எக்ஸ். பாதியாக்கினால் உயரம் 1, அகலம் எக்ஸில் பாதி. ஜாடை மாறக் கூடாதென்றால், எக்ஸை எக்ஸால் பெருக்கினால் 2 வரவேண்டும். ஆக, எக்ஸ் என்பது 1.414. அதை 210-ஆல் பெருக்குங்கள். 297 வந்தாச்சா?

இதைக் கவனித்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பௌதிகப் பேராசிரியராக இருந்த லிக்டன்பெர்க். அல்ஜிப்ரா படிக்க வந்த இங்கிலாந்துப் பையனுக்கு இதையே கணக்காகக் கொடுத்திருக்கிறார். விடை கிடைத்ததும் தாளை அந்த அளவுக்கு வெட்டக் கத்தரிக்கோலுடன் கிளம்பினால், தாள் ஏற்கெனவே அதே விகிதத்தில் இருந்ததாம்! 1786-ல் நண்பர் பெக்மனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார். வால்டர் போர்ஸ்ட்மன் என்ற ஜெர்மானியரின் முயற்சியால் 1922-ல் அது அந்த நாட்டின் தர அளவானது. 1975-ல் 'ஐஎஸ்ஓ 216' என்று சர்வதேச முத்திரையும் விழுந்தது.

சரி, 210 எங்கிருந்து வந்தது? எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் ஏ0. 841-க்கு 1189. பரப்பு ஒரு சதுர மீட்டர். நாலு தரம் பாதியாக்கினால் ஏ4, அதாவது பதினாறில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் அரை வந்தால் தள்ளுபடி!

இதில் நமக்கு என்ன லாபம்? பேப்பர் கட்டில் '80 ஜிஎஸ்எம்' என்று போட்டிருக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராம். பதினாறால் வகுத்தால் ஒரு ஏ4 தாள் 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. தபால் செலவைத் தராசு இல்லாமலே கணக்குப் போடலாம். ஏ3-ஐ ஏ4-ஆகச் சுருக்க ஜெராக்ஸ்காரர் 71 சதவீதம் என்று அழுத்துவதும் இதே 1.414-ன் தயவில்தான். ஓரத்தில் துளி வெள்ளை வீணாகாது.

அமெரிக்கர்கள் இன்னும் 'லெட்டர்' சைஸ். 216-க்கு 279. பாதியாக்கினால் ஜாடையே மாறிவிடும். நம் உச்ச நீதிமன்றம்கூட 2020-ல், நீளமான லீகல் சைஸை விட்டு, இரண்டு பக்கமும் அச்சடித்த ஏ4-க்கு மாறிவிட்டது.

வேலைக்கு மனுப் போடும் தம்பிகள் கவனிக்க: கம்ப்யூட்டரில் பேஜ் செட்டப் 'லெட்டர்' என்றிருந்தால், ஏ4-ல் பிரின்ட் எடுக்கும்போது பிரின்டர் முரண்டு பிடிக்கலாம். ஏ4-ல் அடித்ததை அமெரிக்காவில் லெட்டர் தாளில் அப்படியே எடுத்தால், அடியில் 18 மில்லிமீட்டர் காலி. உங்கள் போன் நம்பர் அங்கே இருந்தால்..?

இன்டர்வியூவுக்கு யார், எந்த நம்பரில் கூப்பிடுவார்கள்?