71 வயதில் உலக சாம்பியன்ஷிப் மேடை: டார்ட்ஸ் வீரருக்கு வாய்த்தது கேரம் வீரருக்கு ஏன் வாய்க்கவில்லை?

குன்றக்குடியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் கேரம் போர்டு எந்த வீட்டில் கிடக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். ஸ்ட்ரைக்கர் சத்தமே வழி சொல்லிவிடும். ஒரு ஸ்டூல், மேலே போர்டு, அதற்கும் மேலே ஒரு பல்பு, விரலெல்லாம் போரிக் பவுடர். 2025 டிசம்பரில் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த போர்டைச் சுற்றி நின்ற ஒரு தம்பி போனை நீட்டி, "அண்ணே, இந்தத் தாத்தாவைப் பாருங்க" என்றான்.

லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ். ஆயிரக்கணக்கான ரசிகர்கள் கத்த, சிங்கப்பூரைச் சேர்ந்த பால் லிம் டார்ட்ஸ் எறிந்துகொண்டிருந்தார். வயது 71. அன்று அவர் ஸ்வீடனின் ஜெஃப்ரி டி கிராஃபை வீழ்த்தி, உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரு மேட்சை ஜெயித்த மிக மூத்த வீரர் ஆனார்.

எங்கள் செட்டிலேயே நன்றாக ஆடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கல்யாணமானதும் 'இனி ஞாயித்துக்கிழமை மட்டும்தான்' என்று கேரமை ஓரங்கட்டியவர். வீடியோவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த வயசுலயும் இதுல காசு வருதா?"

வருகிறது. எப்படி என்பதுதான் மேட்டர்.

முதலில் லிம் கதை. சமையல் கலை படித்த செஃப் அவர். உலக சாம்பியன்ஷிப்பில் முதன்முதலாக ஆடியது 1982-ல். டார்ட்ஸில் 501 புள்ளியிலிருந்து சரியாகப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். கடைசி அம்பு 'டபுள்' வளையத்தில் குத்த வேண்டும். குறைந்தபட்சம் ஒன்பது அம்புகளில் முடிக்கலாம். 1990-ல் உலக சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே முதல்முறையாக அதைச் செய்து காட்டியவர் லிம். நம்ம கேரமில் ஒரே சான்ஸில் ஒன்பது வெள்ளைக் காயையும் ரெட்டையும் அள்ளும் 'ஒயிட் ஸ்லாம்' மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது அம்புகளுக்குக் கிடைத்த போனஸ் 52,000 பவுண்ட். அந்த ஆண்டு கோப்பையையே வென்ற ஃபில் டெய்லருக்குக் கிடைத்தது 24,000 பவுண்ட்தான்!

டெய்லர் அதற்கு முன்பு ஃபேக்டரி தொழிலாளி. பீங்கானில் டாய்லெட் கைப்பிடி செய்கிற வேலை. 16 முறை உலக சாம்பியனான அவர், 2018 ஜனவரி 1 அன்று கடைசியாக ஒரு ஃபைனல் ஆடிவிட்டு ஓய்வு பெற்றபோது வயது 57. கிரிக்கெட்டில் அந்த வயதில் கமென்ட்ரி பாக்ஸில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம் என்பதால் உடம்பு தாங்குகிறது என்பது பாதி பதில்தான். கையைவிட மனசு முதலில் மக்கர் பண்ணும் ஆட்டம் இது. 'டார்ட்டைடிஸ்' என்று ஒரு சிக்கல் உண்டு. அம்பை விட வேண்டிய நொடியில் விரல் விடாது! ஐந்து முறை உலக சாம்பியனான எரிக் பிரிஸ்டோவின் ஆட்டத்தையே அது சாய்த்தது. ஆக, வயதானால் சும்மா நின்று எறியலாம் என்றெல்லாம் இல்லை.

மீதி பதில் பணம். 1980-களின் இறுதியில் இங்கிலாந்து டிவி சேனல்கள் டார்ட்ஸைக் கைகழுவின. கடுப்பான முன்னணி வீரர்கள் 1990-களின் தொடக்கத்தில் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து தனி அமைப்பு தொடங்கினார்கள். அதுதான் இன்றைய பி.டி.சி. ஆண்டு முழுக்க போட்டிகள், நேரடி ஒளிபரப்பு, ஸ்பான்சர் என்று ஒரு சர்க்யூட் உருவானது. இப்போது 128 பேருக்கு 'டூர் கார்டு' உண்டு. இரண்டு ஆண்டுகளில் சம்பாதித்த பரிசுத் தொகைதான் தரவரிசை. லிம் போன்றவர்கள் ஆசியத் தகுதிச் சுற்றுகள் வழியாகவும் உலக மேடைக்கு வரலாம். அதே 2025 டிசம்பரில் நிதின் குமார், உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு மேட்சை ஜெயித்த முதல் இந்தியர் ஆனார்.

சரி, நம்ம பக்கம் வருவோம். திறமைக்கா பஞ்சம்? சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன், ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். கேரமில் அந்த விருது வாங்கிய முதல் ஆள். வியாசர்பாடி இளவழகி 2008-ல் பிரான்ஸில் உலக சாம்பியன். 'வடசென்னை' தனுஷை வைத்து மட்டும் அந்த ஏரியா கேரமை எடைபோட்டுவிடாதீர்கள்.

ஆனால் இங்கே 'புரொஃபஷனல் கேரம்' என்று ஆண்டு முழுக்க ஓடும் சர்க்யூட் கிடையாது. வீரருக்குச் சோறு போடுவது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. மத்திய அரசு வேலைக்கான விளையாட்டுப் பட்டியலில் கேரம் இருக்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் டீம் வைத்திருக்கின்றன. பீகாரின் ரஷ்மி குமாரி ஓ.என்.ஜி.சி. ஊழியராக இருந்துகொண்டேதான் பட்டங்களாகக் குவித்தார். அந்த வேலை கிடைத்தவருக்குக் கேரம் நீண்ட கரியர். கிடைக்காதவருக்கு? எங்கள் அண்ணனுக்கு ஆனதுதான்.

இரண்டு 17 வயதுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். 2024 நவம்பரில், ஆட்டோ ஓட்டுநரின் மகளான சென்னை காசிமா, அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். தமிழக அரசு 1 கோடி ரூபாய் கொடுத்தது. வரவேற்க வேண்டிய விஷயம். ஆறு வாரம் கழித்து, 2025 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லூக் லிட்லர் டார்ட்ஸ் உலக சாம்பியனானார். பரிசு 5 லட்சம் பவுண்ட். மறு ஆண்டும் அவரே ஜெயித்தார். பரிசு 10 லட்சம் பவுண்டாகியிருந்தது, நம்ம காசில் சுமார் 12 கோடி.

தொகையில் இருக்கும் வித்தியாசம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. காசிமாவுக்குக் கிடைத்தது அரசு அறிவித்த ஊக்கத்தொகை. லிட்லருக்குக் கிடைத்தது அந்த ஆட்டமே சம்பாதித்த காசு. அடுத்த மாதமும் போட்டி இருக்கும், அதற்கும் பரிசு இருக்கும். லிம்மை 71 வயதுவரை நிறுத்தி வைத்திருப்பது அந்த 'அடுத்த மாதம்'தான்.

இதையெல்லாம் அன்றைக்கு அண்ணனிடம் சொல்லி முடித்தேன். "சரி சரி, ஃபாலோ போடணும், தள்ளு" என்று ஸ்ட்ரைக்கரை எடுத்தார். ரெட் ஏற்கெனவே குழிக்குள் போயிருந்தது.